முப்பதாவது சுற்றுக்குப் பிறகு

டாக்டர் உங்களை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் தயவுசெய்து மெதுவாக எண்ணுங்கள். இப்படி ஒரு அறிவுரை பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது. சொல்ல ஆள் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

என் பேர் குமரவேல். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் பட்டறை வைத்திருக்கிறேன். நெல் அறுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது தொழில். போன ஆடி மாதம் நரம்பு நோய் ஒன்று வந்து, பதினேழு நாள் மூச்சு மெஷினில் கிடந்து, பிழைத்து வந்தேன். இப்போது கையில் ஒரு கோலோடு பட்டறைக்குப் போய் வருகிறேன். ஸ்பேனரை முறுக்கும் பலம் வலது கையில் முக்கால்வாசி வந்துவிட்டது. போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் மனைவிக்கு இதே நோயாம், உள்ளே படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ரேஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் செய்த முட்டாள்தனம் புரியாது.

நான் கார் பந்தயம் பார்க்கிறவன். பார்க்கிறவன் என்பதுகூட சரியில்லை, படிக்கிறவன். எங்கள் பட்டறைப் பக்கம் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்குப் படம் ஓடாது, சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனால் பந்தயம் நடக்கும்போதே வண்டிகளின் நேரத்தை மட்டும் காட்டும் பக்கம் ஒன்று இணையத்தில் உண்டு. எந்த வண்டி எத்தனையாவது இடம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், முன்னால் போகும் வண்டிக்கு எத்தனை விநாடி பின்னால் என்று வெறும் எண்களாக ஓடும். சுற்றை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் போடுவார்கள். அன்றைக்கு ஓடிய எல்லா வண்டிகளையும்விட வேகமாக ஓடினால் அந்த எண் ஊதா நிறத்தில் வரும். அந்த வண்டியின் முந்தைய நேரத்தைவிட நன்றாக ஓடினால் பச்சை. இரண்டும் இல்லையென்றால் மஞ்சள். பழகிவிட்டால் அந்த எண்களிலேயே வண்டி தெரியும். எங்கே டயர் தேய்கிறது, எங்கே மழை விழுகிறது, யார் பயந்து ஓட்டுகிறான் என்று எல்லாம் தெரியும்.

என் மனைவி மஞ்சுளாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. ஊரெல்லாம் கிரிக்கெட் பார்க்கிறது, என் வூட்டுக்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமையானால் ரயில்வே டைம் டேபிள் படிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவள் அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். என் மாமன் மகள்தான், இன்றைக்கும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டும் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டும் இருந்ததில், ஊதா, பச்சை, மஞ்சள் எல்லாம் அவளுக்கும் பழகிப்போனது. டயர் சமாசாரம் மட்டும் ஏறவில்லை. அது எதற்கு நடுவில் வண்டியை நிறுத்தி டயர் மாற்றுகிறார்கள், முதலிலேயே நல்லதாகப் போட்டுக்கொண்டு வரக்கூடாதா என்பாள்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குப் பாவம் மனசு கஷ்டப்படும். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை இரண்டு உள்ளங்காலும் மரத்துப்போனது. மணலில் நடக்கிற மாதிரி இருந்தது. சொர்ணவாரி நெல் அறுப்புக்கு முன்னால் நான்கு மெஷின் பட்டறையில் நிற்கிறது, இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? வியாழக்கிழமை மெஷின் படியில் ஏறும்போது முட்டி மடங்கிக் கீழே விழுந்தேன். வெள்ளிக்கிழமை காலை கக்கூசிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மஞ்சுளாவும் என் அண்ணன் தணிகாசலமும் சேர்ந்து தூக்கினார்கள்.

உத்திரமேரூரில் பார்த்த டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாக உதற வேண்டும். உதறவில்லை. இரண்டாவது காலிலும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அண்ணன் பயந்துவிட்டார். தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இது மேலே ஏறுகிற நோய் என்றார்.

மேலே ஏறுகிறது என்பதைப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா விளக்கினார். அவருக்கு அதிகம் போனால் என் வயதுதான் இருக்கும், குரல் உயராமல் பேசுவார். வயிற்றில் வந்த கிருமியை அழிக்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கிருமி போன பிறகும் அடங்காமல் நரம்புகளின் மேலுறையைத் தின்ன ஆரம்பித்துவிடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மெஷின் வயரில் எலி ரப்பரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும், உள்ளே செம்பு நன்றாக இருக்கும், ஆனால் கரண்ட் போகாது. அதே கதைதான். இதற்குச் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்று பேர். கால், இடுப்பு, கை என்று ஏறிக்கொண்டே வரும். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சைத் தொட்டால் மூச்சு இழுக்கும் தசைகள் படுத்துவிடும். பெரும்பாலானவர்கள் பிழைத்து நடப்பார்கள், ஆனால் மூச்சைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்றார்.

முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்டுநீர் எடுத்தார்கள். கேள்விப்பட்ட அளவுக்கு வலி இல்லை, அசையாமல் சுருண்டு படுத்திருப்பதுதான் கஷ்டம். நரம்பில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையில் ஒவ்வொரு விரலாகச் சுள்ளென்று அடித்தார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். பலபேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து, ஐந்து நாள் ஏற்ற வேண்டும். விலையை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. காப்பீட்டு அட்டையில் வந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக அலைந்தார். பட்டறைக்கு வந்த போன்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். குமார் எங்கே என்று கேட்டவர்களிடம், ரேசுக்குப் போயிருக்கிறான், வர நாளாகும் என்றாராம்.

இனி என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

மூச்சுத் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அது தீரும்வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சு குறைகிறது என்று அர்த்தம். இருபதுக்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்து நான்கு எண்ணினேன். சனிக்கிழமை காலை முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொன்று எனக்குப் பிடிக்கவில்லை. என் கணக்கில் அது மஞ்சள். மஞ்சுளாவிடம் அவள் போனை எடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமையே விளையாட்டாக அவளை அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், அவளும் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய நோட்டில் எண்ணையும் விநாடியையும் எழுதி வைத்திருந்தாள். சாயங்காலம் சிஸ்டர் வந்தபோது வேகமாக எண்ணினேன். முப்பத்தைந்து. பச்சை! ஞாயிறு காலை இன்னும் வேகம். இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு எல்லாம் தஞ்சு, தஞ்சு என்றே ஓடின. முப்பத்தாறு வந்தது. ரேஸ் பார்க்கிறவனுக்கு எண்களைக் கண்டால் வேறு புத்தி வேலை செய்யாது. நேற்றையதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது விளையாட்டாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மஞ்சுளா கேட்டதற்கு டீ சூடாக இருந்தது என்றேன். அன்று சாயங்காலம் ஆறரைக்கு பெல்ஜியம் நாட்டில் பந்தயம். காட்டுக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் சுற்று, நாற்பத்து நான்கு தடவை ஓட வேண்டும். சாலவாக்கத்தில் மழை கொட்டும்போது உத்திரமேரூரில் புழுதி பறக்குமே, அதுமாதிரி அந்தச் சுற்றின் ஒரு பக்கம் நனையும், மறுபக்கம் காயும். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு ஓட்டத்துக்குத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் போன் கொடுக்க மாட்டார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். அதனால் பயத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு எண்ணினேன். உயிரை வைத்துக்கொண்டு இப்படி ஒருவன் விளையாடுவானா என்று கேட்காதீர்கள். பயந்தவன்தான் விளையாடுவான்.

ஐந்தரைக்கு சிஸ்டர் வந்தார். முப்பத்தேழு. நல்லா இருக்குண்ணா என்று எழுதிக்கொண்டு திரும்பினார். மஞ்சுளா நோட்டைப் பார்த்தபடியே அவரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், ஒரு நிமிசம். எண்ணு ஏறிகினே வருது, ஆனா நேரம் எறங்கிகினே வருதே. வெள்ளிக்கெயமை இருவது செகண்டு எண்ணிச்சி. இப்ப பதினொண்ணுதான்."

வேகமாக எண்ணுகிறார் போலிருக்கிறது, எண்ணிக்கைதான் முக்கியம் என்று சிஸ்டர் சொல்லப் பார்த்தார். மஞ்சுளா விடவில்லை.

"எங்க சென்டர்ல ஒரு கொயந்த எட்டு கிலோன்னு மட்டும் எய்தினா சூப்பர்வைசர் திட்டுவாங்க சிஸ்டர். எத்தினி மாசத்துக்கு எட்டு கிலோன்னு எய்தணும். ஆறு மாசத்துக்கு எட்டுன்னா நல்ல கொயந்த, ரெண்டு வயசுக்கு எட்டுன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். மாமாக்கு மூச்சு பத்தல. டாக்டரம்மாவ கூப்டுங்க."

டாக்டரம்மா வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். கட்டில் கம்பியில் விரலால் தட்டி, என் விரல் தட்டும் வேகத்துக்கு எண்ணுங்கள் என்றார். பன்னிரண்டில் மூச்சு நின்றுவிட்டது. தலையைத் தூக்கச் சொன்னார், தூக்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. இந்த நோட்டு எழுதியது யார் என்று மட்டும் கேட்டார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. என் போனை மஞ்சுளா கையில் வாங்கிக்கொண்டாள். அப்போது நான் அவளிடம் ஒன்று சொன்னேன். "ரெண்டு மணி நேரம் வாய மூடிகினு இருந்திருக்கக் கூடாதா நீ?" என் உயிரைக் காப்பாற்றியவளிடம், குழாய் போடுவதற்கு முன்னால் என் வாயால் கோபமாகச் சொன்ன வார்த்தை அதுதான். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை.

"நான் பாத்து எய்தி வெக்கறேன் மாமா. ஒரு சுத்து வுடாம."

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் ஒரு மணி நேரம் முகத்தில் மாஸ்க் வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ்கள் மேசைக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம். அதைப் பார்த்துக்கொண்டு, இப்போது முதல் சுற்று, இப்போது பத்தாவது சுற்று என்று மனசுக்குள் ஓட்டினேன். அது மட்டும்தான் செய்ய முடிந்தது. ஏழேகால் தாண்டியபோது மூச்சு மேல்வாயிலேயே நின்றது, கீழே இறங்கவில்லை. டாக்டரம்மா குனிந்து, உங்கள் தசைகளுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறோம், தொண்டையில் குழாய் வைத்து மெஷின் உங்களுக்காக மூச்சு விடும், வெளியே உங்கள் மனைவியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றார். கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. ஊசி ஏறியது, அத்தோடு சரி.

விழித்தபோது திங்கட்கிழமை. இந்த நோயில் மூளைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இதன் கொடுமை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. கண்ணிமை மட்டும் என் பேச்சைக் கேட்டது. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைப்பார்கள். குழாய் வழியே சளியை உறிஞ்சும்போது உயிர் போய்த் திரும்பும். அங்கே விளக்கை அணைக்கவே மாட்டார்கள், அதனால் ராத்திரி என்று தனியாக ஒன்று இல்லை. மெஷின் ஒன்று டிங் என்று அடித்தால் நம்முடையதா பக்கத்தவருடையதா என்று யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன், பல தடவை அது பக்கத்தவருடையது. ஒருமுறை அந்தக் கட்டில் காலியாகிவிட்டது.

பார்வையாளர் நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. ஒருவர் மட்டும், சில நிமிடம். அண்ணன் அந்த நேரத்தை முழுக்க மஞ்சுளாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றார். கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகக் கையை மட்டும் காட்டுவார்.

திங்கள் மாலை அவள் நோட்டோடு வந்தாள். நலம் விசாரிக்கவில்லை. நலம்தான் பார்த்தாலே தெரிகிறதே. காதுப் பக்கம் குனிந்து, "ரேஸ் சொல்லட்டா?" என்றாள். ஒரு தடவை சிமிட்டினேன். முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் படித்தாள். எந்த வண்டி எந்த இடம், எத்தனை விநாடி, என்ன நிறம். நான் ஆசையாகப் பார்க்கும் வண்டி பெரிய கம்பெனியுடையது அல்ல, எப்போதும் நடுவில் ஓடுவது. அதற்கு மட்டும் மூன்று பகுதி நேரத்தையும் தனித்தனியாக எழுதியிருந்தாள். அங்கன்வாடி ரிஜிஸ்டர் எழுதுகிற கை, ஒன்றும் விடவில்லை. பன்னிரண்டாவது இடம், பச்சை, மஞ்சள், மஞ்சள். மீதி நாளைக்கு என்று போய்விட்டாள்.

வேளைக்கு இரண்டு சுற்று. அதை வைத்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டினேன். அவள் போன பிறகு அந்த எண்களை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். எட்டாவது சுற்றில் ஏன் அரை விநாடி கூடியது, பதினான்கில் ஏன் டயர் மாற்ற உள்ளே போனான் என்று யோசிப்பதில் புரட்டிப் போடுவது, உறிஞ்சுவது எல்லாம் கடந்துவிடும். யாராவது டாக்டரோ சிஸ்டரோ யார் ஜெயித்தார் என்று வாய்தவறிச் சொல்லிவிடுவார்களோ என்பது மட்டும்தான் கவலை. நல்லவேளை, அங்கே ஒருவரும் கார் பந்தயம் பார்க்கிற ஆளில்லை.

அடுத்த திங்கட்கிழமை இருபத்தொன்பது, முப்பது படித்தாள். காட்டுப் பக்கம் மழை பிடித்திருந்தது. மூன்றாவது பகுதியில் எல்லா வண்டிக்கும் ஒன்பது விநாடி கூடியிருக்கிறது என்றாள். எல்லாம் மஞ்சள். என் வண்டி ஒன்பதாவது இடம். எனக்குப் படுத்த இடத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. இனி அடுத்த சுற்றில் எல்லோரும் உள்ளே ஓடிவந்து மழை டயர் போட வேண்டும். யார் முதலில் வருகிறானோ அவன் பிழைத்தான். ராத்திரி முழுக்க இருபது வண்டிக்கும் நானே டயர் மாற்றினேன்.

செவ்வாய் காலை முப்பத்தொன்றாவது சுற்றை மட்டும் படித்தாள். ஒருவரும் உள்ளே வரவில்லை. என் வண்டி ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி, பச்சை, எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. மாலையில் முப்பத்திரண்டு. பச்சை, பச்சை, ஊதா. ஏழாவது இடம்.

பதினெட்டு சுற்று ஓடித் தேய்ந்த டயர், கொட்டுகிற மழை, ஊதா நிறம். எந்தத் தெய்வம் ஓட்டினாலும் நடக்காது. படிக்கும்போது அவள் கண் நோட்டில் ஓடவில்லை என்பதையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆறரைக்கு ஆரம்பம். ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேலே. முப்பது சுற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன், ஏழு இருபத்தைந்து வந்தது. போட்டு முடித்தபோது நர்ஸ் மேசைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன் என்று டாக்டர் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த எழுதாத பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்க முடியவில்லை. சிஸ்டர் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து மருந்து விட்டார்.

மறுநாள் அவள் வந்து, "அடுத்த சுத்து சொல்லட்டா மாமா?" என்று கேட்டாள். இரண்டு தடவை சிமிட்டியிருக்கலாம். ஒரு தடவைதான் சிமிட்டினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் என் வண்டி முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வருகிறவனுக்கும் அதற்கும் ஆறு விநாடி இடைவெளி. அன்று மத்தியானம் டாக்டர்கள் என் கட்டிலருகே நின்று பேசினார்கள். இன்னும் சில நாளில் தானாக மூச்சு வராவிட்டால் கழுத்தில் துளை போட்டு அதில் குழாய் வைக்க வேண்டும், வாய்க்குழாயை அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். மஞ்சுளாவுக்கும் சொல்லியிருப்பார்கள். மாலையில் முப்பத்தெட்டாவது சுற்று சொல்லும்போது குரல் சரியில்லை. சனிக்கிழமையிலிருந்து அவள் முழுச் சுற்றுக்கூடச் சொல்லவில்லை. முப்பத்தொன்பதாவது சுற்றின் முதல் பகுதி என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். மாலையில் இரண்டாவது பகுதி. ஒன்றே முக்கால் நிமிடச் சுற்று ஒன்றரை நாள் ஓடியது.

எதற்கு இப்படி இழுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பொய் சொல்வதற்குச் சரக்கு தீர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கழுத்தில் துளை போட வேண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோள் லேசாக அசைந்தது. திங்களன்று தலை தலையணையை விட்டு ஒரு விரல்கடை எழுந்தது. மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று நானாக மூச்சு விட விட்டார்கள். ஏறி வந்த வழியே நோய் இறங்குகிறது என்றார் டாக்டரம்மா. புதன்கிழமை காலை குழாயை உருவினார்கள். தொண்டையில் முள் மாட்டிய மாதிரி வலி. ஆனால் உள்ளே போன காற்று நானாக இழுத்த காற்று. அதன் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலைதான் குரல் வந்தது. மஞ்சுளா வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நாற்பத்திரண்டாவது சுற்று, மூன்றாவது பகுதி, ஊதா என்றாள். பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மஞ்சு," என்றேன். காற்றுதான் அதிகம் வந்தது. "இந்நேரம் எல்லா வண்டிலயும் பெட்ரோல் தீந்திருக்கும்டி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்தேனா என்று எனக்கே தெரியாது, முகத்தில் பாதிதான் அசைந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முப்பத்தொன்றிலிருந்து என்றேன். மழையில் ஒருவனும் டயர் மாற்றவில்லையே என்றேன். நோட்டை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முப்பது எய்திகினு இருக்கறப்பவே கூப்ட்டாங்க. கையெய்த்து போட்டுட்டு அந்தக் கதவாண்டயே நின்னுகினு இருந்தேன். ரொம்ப நேரம் யாரும் வெளிய வரல. அப்புறம் போன பாத்தா எல்லாம் முடிஞ்சிபோயிருந்துச்சி. யார் ஜெயிச்சான்னு நான் பாக்கவே இல்ல மாமா."

"தெரியாதுன்னு சொல்லி இருக்கலாமே. இல்லன்னா சட்டுனு முடிச்சிருக்கலாம். ஒரு சுத்த மூணு துண்டா வெட்டினியே, எதுக்கு?"

அவள் என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களில் எனக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை.

"நான் வர்றப்பல்லாம் அதுக்குத்தான் நீ கண்ண தொறந்த. அது முடிஞ்சிபோச்சின்னா அப்புறம் எதுக்கு தொறப்ப?"

பதினெட்டு நாளில் அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த சிஸ்டர் பாதியில் நின்று திரும்பிப் போனார். எனக்கு அசதியில் கண் செருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் அழுது முடிக்கும்வரை நான் கண்ணை மூடவில்லை.